மாடியில ஆள் பேரே தெரியல: தீபாவளி விருந்து வச்சா சரியாயிடுமா?

கெப்போங் தங்கச்சி | 4 ஆகஸ்ட், இரவு 9.52

கேள்வி நேரா கேக்கறேன். கோலாலம்பூர் கெப்போங்ல எங்க அடுக்குமாடி புளோக்ல 316 வீடு, மாடிக்கு ஏறக்குறைய 20 கதவு. எதிர்வீட்டு ஆள் பேரு யாருக்கும் தெரியாது. கமிட்டி கையில 6,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. தீபாவளிக்குக் கீழ்த்தளத்துல பெரிய விருந்து வச்சா ஜனம் ஒண்ணு சேரும்னு சொல்றாங்க. சேருமா? 'ஒற்றுமையே பலம்' எல்லாம் வேணாம். என்ன செய்யணும், எவ்வளவு, எது கெட்டுப்போகும், அத மட்டும் சொல்லுங்க.

மாடிப்படி | 4 ஆகஸ்ட், இரவு 10.31

சேர மாட்டாங்க. சாப்பிடுவாங்க.

கேட்டரிங் விருந்துல பந்தல் கட்டறவங்க பன்னிரண்டு பேர், தட்டு ஏந்தறவங்க முன்னூறு பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் முன்னமே தெரியும். மத்தவங்க வரிசையில நின்னு வாங்கி, ஒரு பொட்டலம் தாப்பாவ் கட்டிக்கிட்டு லிஃப்ட் ஏறிடுவாங்க. மறுநாள் அதே லிஃப்ட்ல எல்லாரும் மாடி நம்பர் விளக்கையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க.

'இது என் இடம்'ங்கற நினைப்பு ஒருத்தருக்கு எப்ப வரும்னா, அவர் ஒரு நாள் கீழ வரலேன்னா 'ஏன் வரல, என்ன ஆச்சு'ன்னு நாலு பேர் கேக்கும்போது. அப்படிக் கேக்கணும்னா அவர் பேர்ல அங்க ஒரு வேலை இருக்கணும். அந்த வேலை சின்னதா இருக்கணும், நேரம் குறிச்சிருக்கணும், செய்யாம விட்டா கண்ணுக்குத் தெரியணும். 'எல்லாரும் வந்து உதவுங்க'ன்னு அறிவிப்பு ஒட்டினா அது யார் பேர்லயும் இல்லாத வேலை. அதுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க, வரலேன்னு யாரும் தேடவும் மாட்டாங்க.

அதனால முதல்ல 316 வீட்ட மறந்துடுங்க. ஒரே ஒரு மாடி எடுங்க, உங்க மாடிய. ஒரு தாள்ல அஞ்சு கட்டம்: கதவு நம்பர், கூப்பிடற பேரு, வீட்டுல பேசற மொழி, அவசரத்துக்கு யாருக்கு ஃபோன் பண்ணணும், வீட்டுல என்ன இருக்கு அல்லது என்ன தெரியும் (ஏணி, டிரில், காடி, நர்ஸ் வேலை, வயரிங்). ஐசி (அடையாள அட்டை) நம்பர் கேக்காதீங்க. எத்தன பேர் தங்கியிருக்காங்கன்னும் கேக்காதீங்க, வாடகைக்கு இருக்கறவங்க பயந்து கதவ சாத்திடுவாங்க.

கதவு தட்டற நேரம் ராத்திரி 8.45லிருந்து 9.45. இங்க மக்ரிப் தொழுகை ஏழுலிருந்து ஏழரை வாக்குல, இஷா தொழுகை எட்டு மணிக்கு மேல எட்டேமுக்கால் வாக்குல. அதுக்கு முன்ன போனா பாதி வீடு தொழுகையில, மீதி வீடு சாப்பாட்டுல. வியாழக்கிழமை ராத்திரி வேணாம், பல மலாய்க்கார வீட்டுல யாசின் ஓதுவாங்க. ரெண்டு பேரா போங்க, ஒருத்தர் தமிழர், ஒருத்தர் மலாய்க்காரர், ரெண்டுல ஒருத்தர் பொம்பள. உள்ள போய் உக்காராதீங்க. மூணு நிமிசம் போதும்.

முதல் கேள்வி 'சங்கத்துல சேர்றீங்களா' இல்ல. 'தண்ணி வெட்டற நாள்ல உங்க வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்க ஆள் வேணுமா?' இதுக்குக் கதவு திறக்காத வீடு குறைச்சல்.

மாடிப்படி | 5 ஆகஸ்ட், காலை 6.40

ராத்திரி எழுதினதுல ஒரு ஓட்டை. அந்தத் தாள வாட்ஸப்புல படம் எடுத்துப் போட்டுடாதீங்க. ஒரு பிரதிதான், அது மாடியில ரெண்டு பேர்கிட்ட. தனியா இருக்கற வயசானவங்க கதவு நம்பர் ஊருக்கெல்லாம் போனா திருடனுக்கு நாமளே வழி சொன்ன மாதிரி.

ஜெலுத்தோங் மாமா | 5 ஆகஸ்ட், மதியம் 1.15

பினாங்குலேர்ந்து ஒரு குறுக்கு. 20 கதவு ஒரு அணி ஆகாது. இங்க ஜெலுத்தோங் பக்கம் லிஃப்ட் இல்லாத அஞ்சு மாடி பிளாட் நிறைய. அங்க மாடிய வச்சு உறவு இல்ல, படிய வச்சுதான். ஒரு படிக்கட்டுக்கு மாடிக்கு ரெண்டு கதவு, மொத்தம் பத்து வீடு. அரிசி மூட்டையோட ஏறும்போது எதிர்ல வர்ற ஆளுக்கு வழி விட்டே ஆகணும். அந்தப் பத்து வீட்டுக்கும் பேரு தெரியும், சண்டையும் தெரியும். அடுத்த படிக்கட்டுக்காரன் அயலூரான்.

உங்க நீளத் தாழ்வாரத்துல லிஃப்ட் நடுவுல இருக்கும். இடது பக்கத்து ஆளுக்கு வலது பக்கம் போக ஒரு காரணமும் இல்ல. அதனால பத்துப் பத்தா பிரிங்க. நடக்கற பாதைதான் எல்லை, மாடி நம்பர் இல்ல.

மாடிப்படி | 5 ஆகஸ்ட், இரவு 8.58

மாமா சொன்னது சரி. என் 20ஐ அடிச்சிட்டு 10ன்னு வாசிங்க. இருபது பேர்ல ஒருத்தர் ஒதுங்கினா தெரியாது, பத்துல தெரியும்.

பைப்புக்காரர் | 9 ஆகஸ்ட், இரவு 11.20

தண்ணி பத்தி மேல ஒரு வரியோட விட்டுட்டாங்க. புளோக்ல உறவு வளர்ற இடமே அதுதான், அதனால கணக்கோட சொல்றேன்.

உயரமான கட்டடத்துல தெருக்குழாய்த் தண்ணி முதல்ல கீழ இருக்கற சக்‌ஷன் டேங்குக்கு வரும். அங்கேர்ந்து பம்ப் மேல்மாடி டேங்குக்கு ஏத்தும், வீட்டுக்கு இறங்கறது அங்கேர்ந்துதான். வெட்டு ஆரம்பிச்சதும் உடனே நிக்காது. மேல்டேங்க் தீர்ற வரைக்கும் வரும், அதனால ஜனம் அறிவிப்ப நம்பாது. அப்புறம் ஒரே நேரத்துல 316 வீடும் வாளி பிடிக்கும், ரெண்டு மணி நேரத்துல காலி.

அறிவிப்பு வந்த அன்னிக்கே செய்ய வேண்டியது:

ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ, கழிவறைக்கு, எல்லாம் சேத்து, சிக்கனமா. மூணு நாள் வெட்டுன்னா தனியா இருக்கற பாட்டிக்கு 45 லிட்டர். அஞ்சு பேர் வீட்டுக்கு 225.

20 லிட்டர் வாளியில தூக்காதீங்க. வாளியோட சேத்து 21 கிலோ, ஒரு கை, படியில சிந்தி வழுக்கும். 5 கிலோ எண்ணெய்ப் புட்டி காலியானத கழுவி வச்சுக்கோங்க. கைக்கு ஒண்ணு, ரெண்டு கைக்கும் சமமா. பாட்டிக்கு ஒன்பது புட்டி, அதாவது அஞ்சு நடை. பதிமூணு வயசுப் பையன்கூட எடுப்பான். சொல்லப்போனா பையன்கள்கிட்டயே விடுங்க. எந்தக் கதவுக்கு எத்தன புட்டின்னு அவங்க எழுதி வச்சுக்கட்டும்.

லாரி வரும்போது எல்லாரும் இறங்கி வரிசை நிக்கறது சண்டைக்கு வழி. பத்து வீட்டுக்கு ரெண்டு பேர் மட்டும் கீழ, மத்தவங்க லிஃப்ட் வாசல்ல. புட்டி மேல கதவு நம்பர மார்க்கர்ல எழுதிடுங்க, இல்லன்னா புட்டி தொலைஞ்ச சண்ட தண்ணி வந்த பிறகும் ஓடும்.

தண்ணி திரும்பினதும் முதல்ல செம்மண் நிறத்துல வரும். தாழ்வா இருக்கற குழாய ஒண்ணத் திறந்து தெளியற வரைக்கும் விடுங்க, அந்தத் தண்ணிய வாளியில பிடிச்சு கழிவறைக்கு வச்சுக்கலாம். வாஷிங் மெஷின் அன்னிக்கு வேணாம். ஜாகாகிட்ட (காவலாளி) ஒரு வார்த்தை: சக்‌ஷன் டேங்க் காலியா இருக்கும்போது பம்ப் ஓடினா சீல் கருகிடும். மிதவை சுவிட்ச் வேலை செய்யுதான்னு வெட்டுக்கு முந்தின நாளே பாக்கணும். பம்ப் போச்சுன்னா ஊருக்கெல்லாம் தண்ணி வந்த பிறகும் உங்க புளோக்குக்கு மட்டும் வராது. அப்ப வர்ற ஒற்றுமை வேற மாதிரி, எல்லாரும் சேந்து கமிட்டிய அடிக்க வருவாங்க.

கெப்போங் தங்கச்சி | 10 ஆகஸ்ட், காலை 7.05

எங்க இடது பக்கத்துல மட்டும் தனியா இருக்கற வயசானவங்க மூணு வீடு. ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு இது தெரியாது. சாவு வீடுன்னா என்ன செய்றது? போன மாசம் ஏழாம் மாடியில ஒண்ணு நடந்தது, கீழ காடி நிறுத்தற தகராறுதான் மிச்சம்.

மாடிப்படி | 13 ஆகஸ்ட், இரவு 10.10

நல்ல கேள்வி. விருந்துக்கு ஆயிரம் பேர் யோசனை சொல்வாங்க, இதுக்கு ஒருத்தரும் முன்கூட்டி யோசிக்கறதில்ல.

வீட்டுல இறந்தா முதல் வேலை பக்கத்துப் போலீஸ் நிலையம். இறந்தவர் ஐசி, சொல்லப் போறவர் ஐசி ரெண்டும் வேணும். அடக்கம் பண்ற அனுமதித் தாள் அங்க கிடைக்கும். மருத்துவமனையில இறந்தா அங்கேயே தந்துடுவாங்க. ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகா) மரணத்தப் பதிய 7 நாள் கெடு. குடும்பத்து ஆள் அழுதுக்கிட்டே காடி ஓட்டக் கூடாது, அதனால போலீஸ் நிலையத்துக்குக் கூடப் போற ஆள் யாருன்னு அந்தத் தாள்ல முன்னமே பேரு இருக்கணும்.

அடுத்தது லிஃப்ட். சாதாரண லிஃப்டோட ஆழம் ஒன்றரை மீட்டரத் தொடாது. பெட்டி ரெண்டு மீட்டர் பக்கம். நிமித்தி வச்சுக் கொண்டு போறத எந்தக் குடும்பமும் தாங்காது. இன்னிக்கே ஒரு டேப் எடுத்து உங்க லிஃப்ட்டுங்க எல்லாத்தையும் உள்பக்கம் அளங்க. ஒண்ணாவது ஆழமா இருந்தா அதிர்ஷ்டம். இல்லன்னா பெட்டி கீழேயே இருக்கட்டும், உடல படி வழியா ஸ்ட்ரெச்சர்ல இறக்கணும். ஆறு பேர் தூக்க, ஆறு பேர் மாத்த. மூணு மாடிக்கு ஒரு தடவ கை மாத்தணும். படி திரும்பற இடத்துல கால்பக்கம் முன்ன போகணும், தலைப்பக்கம் ஒசந்தே இருக்கணும், ஒருத்தர் முன்னால இறங்கி 'படி, படி, திருப்பம்'னு சொல்லிக்கிட்டே போகணும். அந்தப் பன்னிரண்டு பேர்ல தமிழர் மட்டும்தான்னு எழுதி வைக்காதீங்க. கேட்டா வர்ற மலாய்க்காரப் பையன்க நிறைய. கேக்கறதுக்கு நமக்குத்தான் வாய் வராது.

யாரும் நினைக்காதது கழிவறை. 700 சதுர அடி வீடு, அறுபது சொந்தக்காரங்க. பக்கத்து மூணு வீட்டுக்காரங்க கதவத் திறந்து 'இங்க போங்க'ன்னு சொன்னாலே பாதிப் பாரம் இறங்கிடும். முன்கூட்டி கேட்டு வச்சுக்கோங்க, அன்னிக்குப் போய்க் கேக்கற மாதிரி வச்சுக்காதீங்க.

கீழ 80 நாற்காலி, 20 அடிக்கு 20 அடி பந்தல் ஒண்ணு, அமரர் ஊர்திக்கு ரெண்டு கோன் வச்சு இடம். போம்பா (தீயணைப்பு) வண்டி வர்ற மஞ்சள் கோட்ட மட்டும் எக்காரணத்துக்கும் மறைக்காதீங்க. பறை, சங்கு உண்டுன்னா சூராவ்ல (சின்னத் தொழுகைக்கூடம்) ஒரு வார்த்தை சொல்லி, பாங்கு நேரத்துல பத்து நிமிசம் நிறுத்தலாம். சொன்னா அங்கேர்ந்தும் ஆள் வந்து நிப்பாங்க. வீட்டுல அடுப்பு எரியாது, அதனால கோப்பியும் பசியாறலும் பக்கத்து வீட்டு வேலை.

காடித் தகராறு வேற எதுவும் இல்ல, ஒரு மெகா ஃபோன் ஆள் இல்லாத குறை. ஒருத்தர் கேட்ல நின்னா போதும்.

மாடிப்படி | 14 ஆகஸ்ட், மதியம் 12.50

விட்டுப்போனது. எடுத்த அன்னிக்கு நூறு பேர் இருப்பாங்க. நாலாம் நாள்லேர்ந்து கருமாதி பதினாறாம் நாள் வரைக்கும் வீடு வெறிச்சோடிடும். பத்து வீட்டுல ஆளுக்கு ஒரு சாயங்காலம்னு பிரிச்சுக்கிட்டு, ஒரு ஃபிளாஸ்க் கோப்பியோட பத்து நிமிசம் போய் உக்காருங்க. பேச வேண்டியதில்ல. இதுக்கு 6,000 வெள்ளியில ஒரு காசும் செலவாகாது.

ஜெலுத்தோங் மாமா | 17 ஆகஸ்ட், காலை 9.30

ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) பத்தியும் யாராவது சொல்லுங்களேன். இங்க கூட்டம்னா முப்பது பேரு, அதுல இருபது பேர் சண்டைக்கு.

மாடிப்படி | 17 ஆகஸ்ட், இரவு 9.15

அடுக்குமாடி வீடுகளுக்கான ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் 2013, அமலுக்கு வந்தது 2015 ஜூன்ல. அறிவிப்பு குறைஞ்சது 14 நாள் முன்ன. பராமரிப்புக் கட்டண பாக்கி, கூட்டத்துக்கு ஏழாம் நாள் முன்னவரைக்கும் கட்டாம நின்னா ஓட்டு இல்ல. பலருக்கு இது தெரியாது, வாசல்ல வந்து கத்துவாங்க. கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைஞ்ச ஆள் கணக்கு), ஓட்டுரிமை உள்ளவங்கள்ல பாதி. அரை மணி நேரம் காத்தும் பாதி வரலேன்னா வந்தவங்களே கோரம். 'நாங்க வராட்டா கூட்டம் நடக்காது'ன்னு வீட்டுல உக்காந்திருக்கறவங்களுக்கு இத எடுத்துச் சொல்லுங்க. இருபது பேர் சேந்து முன்னூறு வீட்டுக்கும் கட்டணத்த ஏத்திடலாம்.

வர முடியாதவங்க பிராக்ஸி (தனக்குப் பதில் ஓட்டுப் போட ஒருத்தருக்கு எழுதித் தர்ற தாள்) கொடுக்கலாம். ஒரு நல்ல ஆள் பத்து வீட்டுத் தாள வாங்கிக்கிட்டுப் போனா சுருக்கமா முடியும்.

பைப்புக்காரர் | 17 ஆகஸ்ட், இரவு 10.02

முடியாது. ஒரு ஆள் ஒரே ஒரு உரிமையாளருக்குத்தான் பிராக்ஸி. தாள் 48 மணி நேரம் முன்ன போய்ச் சேந்திருக்கணும். பத்து தாளோட போனா ஒன்பது குப்பைத்தொட்டிக்கு.

அதோட தங்கச்சி இருக்கறது வாடகை பிபிஆரா (அரசாங்க மக்கள் வீடமைப்பு), சொந்த வீடா? மாசம் 124 வெள்ளி கட்டற வாடகை பிபிஆர்னா இந்த ஜேஎம்பி (உரிமையாளர் கூட்டு நிர்வாகம்) பேச்சே ஒட்டாது. நிர்வாகம் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி), குடியிருப்போர் சங்கம்தான் உங்க வாய்.

மாடிப்படி | 18 ஆகஸ்ட், காலை 6.22

பிராக்ஸியில நான் போட்டது தப்பு, அடிச்சுட்டேன். பைப்புக்காரர் பம்போட நிக்க மாட்டார் போல.

ஆனா தப்புலயும் ஒரு நன்மை. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா, வராத பத்து பேருக்குப் பத்து ஆள் வேணும். வாடகைக்கு இருக்கறவங்களுக்குத் தானா ஓட்டு கிடையாது, ஆனா வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தா அவங்களே பிராக்ஸியா வரலாம். பினாங்குல இருக்கற வீட்டுக்காரருக்கு ஒரு ஃபோன். மூணு வருசமா 'அது ஓனர் விசயம்'னு ஒதுங்கினவர் அன்னிக்கு முதல் தடவையா கைய ஒசத்துவார்.

இன்னொண்ணு: பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல, அதுல 10 விழுக்காடு அளவு சிங்கிங் ஃபண்டுங்கற சேமிப்பு நிதிக்குத் தனியா கட்டறோம். அது லிஃப்ட் மாத்த, பெயிண்ட் அடிக்க. உங்க 6,000 அதுலேர்ந்து வந்ததுன்னா விருந்துப் பேச்சு இதோட முடிஞ்சது.

கெப்போங் தங்கச்சி | 18 ஆகஸ்ட், மதியம் 1.40

சொந்த வீடு, ஜேஎம்பி. 6,000 தனியா வசூல் பண்ணது, போன வருச விருந்துல மிச்சம். பயமுறுத்தாதீங்க அண்ணே.

மாடிப்படி | 22 ஆகஸ்ட், இரவு 9.47

கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் சேந்து செய்யற துப்புரவு வேலை. ஏன் எல்லா இடத்துலயும் அதே பன்னிரண்டு பேர் வர்றாங்கன்னா, எட்டு மணிக்குன்னு போட்டு பதினொண்ணரை வரைக்கும் இழுக்கறோம், வேலை என்னன்னு போட்டதே இல்ல, கடைசியில நாசி லெமாக் பொட்டலம் நாப்பது வந்து முப்பது மீந்து போகும்.

90 நிமிசம்தான்னு போடுங்க. 8.00 ஆரம்பம், 9.30க்குக் கை கழுவல். வேலை மூணே மூணு. பத்து வீட்டுக்கு ஒண்ணுன்னு பேரோட பிரிங்க.

கொசு வேலைய எப்படிப் பண்றதுன்னு தெரியாமத்தான் பண்றாங்க. ஏடிஸ் முட்டையிலேர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள். அதனால மாசத்துக்கு ஒரு தடவ பெருக்கறது போட்டோவுக்குத்தான் ஆகும், வாரம் பத்து நிமிசம் வேணும். தண்ணிய ஊத்திட்டா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. முட்டை பாத்திரத்துச் சுவத்துல நீர்மட்டத்துக்கு மேல ஒட்டியிருக்கும், காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்கா உசுரோட இருக்கும். நார் போட்டுத் தேய்ங்க. எங்க பாக்கணும்: பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால இருக்கற தட்டு, ஏர்கோன் சொட்டற வாளி, தண்ணி வெட்டுக்குப் பிடிச்சு வச்சு மறந்துபோன டிரம். ஊத்த முடியாத டிரம்முக்கு அபேட் மணல் (கொசுப்புழு மருந்து), 10 லிட்டருக்கு 1 கிராம்.

பழைய சோபா, மெத்தை இறக்கற நாள ஒண்ணா வச்சுக்கோங்க, அள்ளற வண்டி வர்ற நாளுக்கு முந்தின சாயங்காலம். 2018ல கோலாலம்பூர்ல மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி ஒரு பள்ளிப் பையன் உயிரக் கொண்டுபோச்சு. தூக்கி எறியறவன் எல்லாம் கெட்டவன்னு இல்ல. பலருக்கு அத இறக்க ஆள் இல்ல, லிஃப்ட்ல ஏத்தினா ஜாகா திட்டறான். ரெண்டு சக்கர டிராலி ஒண்ணு வாங்கிப் போடுங்க. 6,000ல முதல் செலவு அதுவா இருக்கட்டும்.

ஜெலுத்தோங் மாமா | 24 ஆகஸ்ட், காலை 6.01

வாட்ஸப் குரூப் பத்தி ஒண்ணு சொல்லணும். இத எழுதறதுக்குள்ள ஏழு ரோஜாப்பூவும் ஒரு விநாயகரும் வந்து விழுந்தாச்சு.

மாடிப்படி | 24 ஆகஸ்ட், காலை 6.30

ரெண்டா வைங்க மாமா. ஒண்ணு அறிவிப்புக்கு, அட்மின் மட்டும் போடலாம்: தண்ணி, லிஃப்ட், சாவு, காணாமப்போன பிள்ள. இன்னொண்ணு பத்து வீட்டுக்கு, ரோஜாப்பூ அங்க பூக்கட்டும். அறிவிப்பு குரூப்புல மலாய் முதல்ல, கீழ தமிழ், சீனம். மூணையும் ஒரே செய்தியில போடுங்க, தனித்தனியா போட்டா 'தமிழ்ல மட்டும் என்னவோ சொல்றாங்க'ன்னு ஆகும். கட்டணம் கட்டாதவர் பேர குரூப்புல போடற கமிட்டி உண்டு. போட்ட அன்னியோட அவர் எந்த வேலைக்கும் வர மாட்டார், அவர் மாடியும் வராது.

பைப்புக்காரர் | 24 ஆகஸ்ட், காலை 6.48

ருக்குன் தெத்தாங்கா (அரசாங்க அக்கம்பக்கச் சங்கம்) இருக்கே, அது போதாதா?

மாடிப்படி | 24 ஆகஸ்ட், இரவு 10.25

இருக்கட்டும், சேருங்க. 1975ல ஆரம்பிச்சது, 2012லேர்ந்து தனிச் சட்டமும் உண்டு. ஆனா அது வட்டாரத்துக்கு. அஞ்சு புளோக், ரெண்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) சேந்த வட்டாரத்துல ஏழாம் மாடி பாட்டிக்கு ஒன்பது புட்டின்னு யாருக்குத் தெரியும்? டேவான் (மண்டபம்) எடுக்க, அரசாங்க நிகழ்ச்சி கேக்க அது வேணும். கதவு தட்ட ஆகாது.

ஜெலுத்தோங் மாமா | 31 ஆகஸ்ட், மதியம் 3.30

லீவு நாள், கொஞ்சம் கதை. அந்தக் கால எஸ்டேட் தோட்டத்துல இதெல்லாம் யாரும் தாள் போட்டுச் செய்யல. லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) ஒரு வீட்டுல அழுகை கேட்டா அடுப்ப அணைச்சுட்டு எல்லாரும் ஓடினாங்க. பிளாட்டுக்கு வந்துதான் கெட்டுப்போனோம்.

மாடிப்படி | 31 ஆகஸ்ட், இரவு 9.05

பாதி சரி மாமா. ஓடினாங்க, ஏன்னா விடியல்ல பெரட்டுல பேர் கூப்பிடும்போது ஒரு ஆள் குறைஞ்சா உடனே தெரிஞ்சுபோகும். அத கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கணக்குக்காக வச்சான், அக்கறைக்காக இல்ல. அதே லயத்துல எந்தச் சாதி எந்தப் பக்கம், யாரு கோயில்ல எங்க நிக்கணும்னும் கணக்கு இருந்தது. கோயில் வரியில தள்ளி வச்ச குடும்பமும் இருந்தது. பிளாட்ல அந்தக் கணக்கு இல்ல, அத நன்மையா எடுத்துக்குவோம். நமக்கு வேண்டியது பேர் கூப்பிடறது மட்டும். அந்தத் தாள் நம்ம பெரட்டுன்னு வச்சுக்கோங்க, கங்காணி கிடையாது.

பைப்புக்காரர் | 2 செப்டம்பர், இரவு 11.40

வாடகைக்கு வர்ற மியன்மார், வங்காளதேச ஆளுங்கள விட்டுட்டீங்க. ஒரு வீட்டுல எட்டு பேர், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், யாரையும் பாக்க முடியாது.

அவங்களுக்குக் கூட்டம் தேவையில்ல. வந்த முதல் வாரத்துல ஒரு பக்கத் தாள், எழுத்து குறைச்சு படம் அதிகமா: குப்பை அறை எங்க, எந்த நாள் பெரிய சாமான், மீட்டர் பக்கத்துல தண்ணி வால்வு எது, லிஃப்ட் நின்னா எந்த நம்பர், 999. வால்வ நேர்ல காட்டுங்க. கீழ்வீட்டுக் கூரை ஒழுகி ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவ உதைக்கற சண்டையில பாதி, அந்த வால்வ மூடத் தெரியாததால. காட்டினவர் பேரு அவங்களுக்கு மறக்காது. தூக்கற வேலைக்கு அவங்களக் கூப்பிட்டா கூலி கொடுக்கக் கூடாதுன்னு நினைக்காதீங்க, கூப்பிட்டு வேலை வாங்கிட்டு விருந்துக்குக் கூப்பிடாம விடவும் கூடாது.

மாடிப்படி | 8 செப்டம்பர், இரவு 8.40

தங்கச்சி கேட்ட தீபாவளிக்கு வர்றேன். ஆகஸ்ட் நாலாம் தேதி ராத்திரி 'சேர மாட்டாங்க'ன்னு அழுத்தமா எழுதினது, யோசிச்சுப் பாத்தா, தின்னற விருந்துக்குத்தான் பொருந்தும். செய்யற விருந்து வேற. முறுக்கு பிழிங்க, பத்து வீடு சேந்து, தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்ன ஒரு ஞாயிறு காலையில.

ஏன் முறுக்கு? கறி இல்ல, வெங்காயம் பூண்டு இல்ல. சீன மாசத்து முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் சைவம் சாப்பிடற சீனப் பாட்டிக்கும் ஆகும். ராயாவுக்கு (நோன்புப் பெருநாள்) முறுக்கு வைக்காத மலாய் வீடு குறைச்சல், அவங்களுக்கு அது புதுசு இல்ல. மாவு, வெண்ணெய், எண்ணெய் மூணும் ஹலால் முத்திரையோட வாங்குங்க, வாணலி புதுசா இருக்கட்டும், பொட்டலத்த எல்லார் கண்ணு முன்னாலயும் பிரிங்க. கேக்கறதுக்கு முன்னமே சந்தேகம் தீந்துடும்.

அரிசி மாவு 8 கிலோ, வறுத்து அரைச்ச உளுத்தமாவு 2 கிலோ, வெண்ணெய் 1 கிலோ, ஓமம் 100 கிராம், எள்ளு 200, உப்பு 150. பிசைய வெதுவெதுப்பா 7 லிட்டர் பக்கம், பாதி தண்ணி, பாதி தேங்காய்ப்பால். முழுக்கப் பால் போட்டா ருசிதான், ஆனா ரெண்டு வாரத்துல சிக்கு வாடை வரும். எண்ணெய் 15 கிலோ. வெந்து 12 கிலோ போல வரும். வீட்டுக்கு ஒரு கிலோ, மீதி ரெண்டு கிலோ ஜாகாவுக்கும் துப்புரவு அக்காங்களுக்கும். 300 வெள்ளிக்குள்ள அடங்கும்.

மாவ மொத்தமா பிசைஞ்சிடாதீங்க. ஒவ்வொரு கிலோவா, ஈரத்துணி மூடி. காஞ்ச மாவு பிழியும்போதே துண்டு துண்டா ஒடியும். உளுத்தமாவ சலிக்கலேன்னா கட்டி எண்ணெய்ல வெடிக்கும், கைய சுடும். எண்ணெய் சூடு குறைஞ்சா குடிக்கும், ஏறினா வெளிய செவந்து உள்ள மெத்துனு இருக்கும். ஒரு துணுக்கு மாவு போட்டா அடி தொட்டு உடனே மேல வரணும். சத்தம் அடங்கினா எடுக்கலாம்.

முறுக்கு பிழியற நாழி நாலு, அடுப்பு ரெண்டு. வாணலிக்கு அஞ்சு கிலோ, கிலோவுக்கு நாப்பது நிமிசம், ஆகமொத்தம் மூணரை மணி நேரம். 7.30க்கு ஆரம்பிச்சா பதினொண்ணுக்கு முடியும். மதியத்துக்குத் தள்ளாதீங்க, அக்டோபர்ல மூணு மணிக்கு மேல இடிமழை. வாணலி பாதிக்கு மேல எண்ணெய் வேணாம். கேஸ் சிலிண்டர் அடுப்புலேர்ந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ரெண்டு மீட்டருக்குக் கயிறு கட்டி பிள்ளைங்க வெளிய. எண்ணெய்ல தீ பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, கேஸ மூடு, வாணலிய மூடு. ரெண்டு மூடியும் பக்கத்துலயே இருக்கணும், வீட்டுல இல்ல.

பிசைய, பிழிய, பொரிக்க, ஆற வைக்க, டப்பாவுல அடைக்க, அஞ்சு இடம். ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதுங்க. நாழி முறுக்கறது கைவலி வேலை, பத்து நிமிசத்துல ஆள் மாத்தியே ஆகணும். ஒதுங்கி நின்னு பாக்கற ஆள 'ஒரு சுத்து சுத்துங்க அங்கிள்'னு கூப்பிட அதுதான் சமயம். உக்காந்தே செய்யற வேலை அடைக்கறது, அது பாட்டிங்களுக்கு.

ஜெலுத்தோங் மாமா | 8 செப்டம்பர், இரவு 9.12

அரிசி மாவுக்கு நாலுல ஒண்ணு உளுந்து கொஞ்சம் அதிகம்பா. எங்கம்மா அஞ்சுல ஒண்ணு.

மாடிப்படி | 8 செப்டம்பர், இரவு 9.20

இந்தச் சண்டை கீழ்த்தளத்துல நடக்கட்டும் மாமா. அதுக்குத்தானே இவ்வளவும்.

கெப்போங் தங்கச்சி | 27 செப்டம்பர், இரவு 10.33

கணக்கு சொல்றேன். இடது பக்கம் பத்துக் கதவு. ஏழு நிரம்பியாச்சு. ஏணி மூணு, டிரில் நாலு (எதுக்கு நாலு?), ஒரு நர்ஸ், ஒரு வயரிங் ஆள். ரெண்டு வீடு பூட்டிக் கிடக்கு. ஒரு வீடு மூணு தடவையும் 'வேணாம்'னு சாத்திட்டாங்க. லிஃப்ட் அளந்தோம், மூணுமே 1.4 மீட்டர். ஸ்ட்ரெச்சர் எங்க வைக்கறதுன்னு ஒரு கேள்வி. சாத்தின வீட்ட என்ன பண்றது?

மாடிப்படி | 27 செப்டம்பர், இரவு 11.02

நாலாவது தடவ தட்டாதீங்க. தாள்ல அந்த நம்பர் மட்டும் இருக்கட்டும், பேரு காலியா. தண்ணி வெட்டு அறிவிப்பு வந்தா வாசல்ல ரெண்டு புட்டி வச்சுட்டு வந்துடுங்க, மணி அடிக்காம. முறுக்கு டப்பா அவங்களுக்கும் ஒண்ணு, கதவுப் பிடியில மாட்டினா போதும். பூட்டின வீட்டுக்கு மீட்டர் முள்ளு ஓடுதான்னு மாசம் ஒரு தடவ பாருங்க. உள்ள குழாய் ஒழுகினாலும் அதுலதான் தெரியும்.

ஸ்ட்ரெச்சர் நர்ஸ் வீட்டுல. சாவி ரெண்டு பேர்கிட்ட.

பைப்புக்காரர் | 28 செப்டம்பர், காலை 6.15

ஒரு டிரில் எனக்குக் கடன் குடுங்க.